கடலை அறிந்தவர் யார்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரின் பெயரால் கூடியிருக்கும் அவையில் கடலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் சித்த மருத்துவர், பத்திரிகையாளர், பூர்வ பௌத்தத்தை மீட்டவர். மீனவர் அல்லர். ஆனால் அவர் எழுத்து முழுக்க ஓடும் கேள்வி ஒன்று உண்டு. அறிவு யாரிடம் இருந்தது, அது யார் பெயரில் எழுதப்பட்டது என்பதே அந்தக் கேள்வி. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம் வீட்டுத் திருக்குறள் ஏட்டைக் கொடுத்ததையும் அது எல்லிசு துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததையும் பண்டிதர் பதிவுசெய்திருக்கிறார். ஏட்டைக் காத்து வைத்திருந்த சேரியின் பெயர் அச்சு வரலாற்றில் இடம்பெறவில்லை. பின்னாளில் அதே குறளைப் படிக்க எங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்கப்பட்ட கதையும் நமக்குத் தெரியும்.

இந்தக் கேள்வியைத்தான் இன்று கடற்கரைக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைக் கடல் அறிவியலுக்கான பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. கடலை நீடித்து ஆள வேண்டுமானால் எல்லோருடைய அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், எல்லோருடனும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மாநாடுதோறும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் கடந்த நூறு ஆண்டுகளாக நம் கரையில் நடந்ததைப் பார்த்தால், கடலை அறிந்தவர்களிடமிருந்து அறிவு வாங்கப்பட்டிருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை திருப்பித் தரப்படவில்லை. கரைக்குள்ளேயே அந்த உரிமை சாதி பார்த்துப் பங்கிடப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேசாமல் 'எல்லோரையும் உள்ளடக்கிய அறிவு' என்று சொல்வதில் பொருளில்லை. இந்த உரையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான்.

1907: இரண்டு தொடக்கங்கள்

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அதே சென்னையில் மீன்வளத் துறையும் தொடங்கியது. பிரெடரிக் நிக்கல்சன் அதன் முதல் இயக்குநர். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி முன்பே பெரிய அறிக்கை எழுதியவர். மீனவரின் தொழிலை ஒரேயடியாக மாற்றிவிட முடியாது, அவர்கள் செய்வதைக் கற்றுக்கொண்டு படிப்படியாகத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அந்தத் துறைக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். முத்து, சங்கு, படகு, வலை என்று நம் கரையைப் பற்றி அவரைப் போல் எழுதிக் குவித்தவர் வேறு எவருமில்லை. 1914-இல் அவர் வெளியிட்ட சங்கு நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவருக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது? மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி இறங்கிய பரதவர்களும் முஸ்லிம் குளியாட்களும் சொல்லித்தான் தெரிந்தது. சிப்பி படுக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். பெரிய பார், தோலாயிரம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் குளியாட்கள் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரைந்த அறிவியல் வரைபடத்திலும் அந்தத் தமிழ்ப் பெயர்கள் அப்படியே ஏறின. பாரின் பெயர் ஏறியது. பாரைக் கண்டு சொன்னவன் பெயர் ஏறவில்லை.

இந்த அறிவு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இலங்கைப் பக்கத்து முத்துக் குளிப்பே சான்று. 1902-இல் ஹெர்ட்மேன் என்ற விலங்கியல் பேராசிரியர் ஹார்னெலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே ஆய்வுக்கு வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய பாகங்களாக அறிக்கை வெளிவந்தது. 1906-இல் பார்கள் முழுவதையும் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டனில் தொடங்கிய ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அறிவியல் இருக்கிறது, மூலதனம் இருக்கிறது, இனி முத்துக்குக் குறைவில்லை என்று நம்பினார்கள். 1907-க்குப் பிறகு 1925 வரை அங்கே குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி கிடைக்கவில்லை. நிறுவனம் நொடித்துப் போனது. சிப்பி சில ஆண்டுகள் வரும், பல ஆண்டுகள் வராது என்பது பல நூற்றாண்டுகளாக அந்தக் கடல் காட்டிவந்த வழக்கம். ஆண்டுதோறும் இலாபம் கேட்கும் குத்தகைக் கணக்குக்குள் அந்த வழக்கம் அடங்கவில்லை. பார் இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கடலை எப்போது விட்டுவைப்பது என்று முடிவுசெய்யும் இடத்தில் குளியாட்களை உட்கார வைக்கவில்லை.

இழுவைமடி வந்த காலம்

விடுதலைக்குப் பிறகு கதை மாறியிருக்க வேண்டும். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டு கேரளத்தின் நீண்டகரையில் ஒரு மீன்வளத் திட்டத்தைத் தொடங்கின. ஏழை மீனவரின் வாழ்வை உயர்த்துவதுதான் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்தது. கடலடியைச் சுரண்டி இழுக்கும் இழுவைமடிப் படகுகள் பெருகின. கடலுக்கே போகாத முதலாளிகள் படகு வாங்கினார்கள். தமிழகக் கரையிலும் 1960-களில் இதே வேகம்.

கட்டுமர மீனவர்கள் அன்றே ஒன்றைச் சொன்னார்கள். கரையோரச் சேற்றில்தான் குஞ்சு வளர்கிறது, அதை இரும்புப் பலகை கட்டி உழுதால் நாளைக்கு மீன் இருக்காது என்றார்கள். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயர் வைத்துத் திசையும் பருவமும் பிரித்தவர்கள் அவர்கள். சோழமண்டலக் கரையில் நீரோட்டத்துக்கே வன்னி, தெண்டி என்று தனித்தனிப் பெயர் வழங்குகிறது. எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும், எப்போது சினையோடு வரும் என்பது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அரசின் காதுக்கு அது தொழில் போட்டியில் எழும் புலம்பலாக மட்டுமே கேட்டது.

1970-களில் சென்னை, தூத்துக்குடி என்று கரை நெடுகப் படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1978-இல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களுக்கான தேசிய அமைப்பு உருவானது. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று விதி செய்தார்கள். கேரளத்தில் மழைக்கால இழுவைமடித் தடை கேட்டு மீனவர்கள் பட்டினி கிடந்தார்கள், மறியல் செய்தார்கள். பாபு பால் குழு, காலவார் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1988-இல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாள் தடைக்காலம் தொடங்கியது. 2017 முதல் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளாக இருக்கிறது. மீனுக்கும் ஓய்வு வேண்டும் என்ற எளிய உண்மை சட்டமாவதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. அதற்குள் கடலடி உழப்பட்டுவிட்டது.

இதுவரை சொன்னது அரசுக்கும் மீனவருக்கும் இடையிலான வழக்கு. மீனவ இயக்கங்களும் கடல்சார் ஆய்வாளர்களும் இந்த வரலாற்றை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் கதை இங்கே நின்றுவிடுகிறது. நாம் இன்னும் ஓரடி உள்ளே போக வேண்டியிருக்கிறது.

கரைக்குள் கரை

பழவேற்காடு ஏரிக்குப் போனால் 'பாடு' என்ற முறையைக் காணலாம். இறால் அதிகம் வரும் இடங்கள் சில, வராத இடங்கள் பல. எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால் சண்டை வரும், ஏரியும் தாங்காது. அதனால் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். அரசின் உதவியில்லாமல் மக்களே பொதுவளத்தை ஆள முடியும் என்பதற்கு உலக ஆய்வாளர்கள் இந்தப் பாட்டு முறையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஏரியின் சேறு, ஓதம், இறாலின் நடமாட்டம் ஆகியவற்றைப் பற்றிய அறிவு இந்த முறைக்குள் நிறைந்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டு உள்ள ஆண்களின் பெயர் இருக்கிறது. அதே ஏரிக்கரையில் வாழும் தலித் மீனவருக்கும் இருளருக்கும் அந்தச் சீட்டில் பங்கில்லை. பெண்களுக்கும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் அப்பழுக்கற்ற சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்கு வாசலே கிடையாது. அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று சொன்னது இதைத்தான். நிலம் வைத்திருக்கும் சாதிகளால் இழிவுபடுத்தப்பட்டு, அரசாலும் மூலதனத்தாலும் ஒடுக்கப்பட்ட ஒரு மீனவச் சமூகம், தனக்குக் கீழே ஒரு படியை வைத்துக்கொள்கிறது. இதைச் சொல்வதால் மீனவரின் உரிமைப் போரை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் நமக்கும் பங்கு இருப்பதால்தான் சொல்கிறோம்.

வலை கட்ட இடமில்லாத இருளர் என்ன செய்தார்கள்? கையால் பிடித்தார்கள். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் பிச்சாவரத்திலும் இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து, சேற்றைத் துழாவி இறால் எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இறாலை விரல் நுனியால் கண்டுபிடிக்க வேண்டும். சேறு இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா, நீர் சூடேறியிருக்கிறதா, உப்புக் கூடியிருக்கிறதா என்பதை உடம்பால் அளக்கும் தொழில் அது. அனல்மின் நிலையத்தின் சாம்பலும் வெந்நீரும் கழிமுகத்தில் கலந்தால் முதலில் அறிவது அந்த விரல்கள்தான். ஆனால் படகில்லை, வலையில்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் இடமில்லை. கழிமுகத்தைப் பற்றி முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிச்சாவரத்து இருளர் பழங்குடிச் சான்றிதழுக்காகவே நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. தாம் யார் என்பதையே தாளில் நிறுவ முடியாதவருக்கு, தமக்குத் தெரிந்ததை எப்படித் தாளில் ஏற்ற முடியும்?

கிணற்று நீர் சொன்ன தீர்ப்பு

கடல் ஆளுகை என்றால் கப்பலும் ஆழ்கடலும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடல் நிலத்துக்குள் வரும் வழிகளும் அதில் சேர்ந்தவைதான். கீழத் தஞ்சையின் கடைமடையில் வாழும் தலித் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பகுதிக்கே வந்து தங்கி நில உரிமைக்காகப் போராடியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி இயக்கத்தின் வழி கூலிப் பெண்களின் பெயரில் நிலம் பதிவானது. 1990-களின் தொடக்கத்தில் அதே கடலோரத்துக்கு இறால் பண்ணைகள் வந்தன. நெல்வயலைக் குட்டையாக வெட்டி, கடல் நீரை மோட்டார் வைத்து ஏற்றி, தீவனமும் மருந்தும் கொட்டி, கழிவைக் கால்வாயில் விட்டார்கள்.

கிணறு உப்பாகிவிட்டது, மாடு இந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை, வாய்க்காலில் நண்டும் சிறுமீனும் செத்து மிதக்கின்றன, நடவு வேலை இல்லாமல் போயிற்று என்று முதலில் சொன்னவர்கள் நிலமற்ற கூலிப் பெண்கள். அவர்கள்தான் அந்தக் கிணற்றில் நீர் இறைத்தார்கள், அந்த வாய்க்காலில் நண்டு பிடித்துக் குழம்பு வைத்தார்கள். பட்டா இல்லாததால் அவர்கள் 'பாதிக்கப்பட்ட நில உரிமையாளர்' பட்டியலில் இல்லை. படகு இல்லாததால் 'மீனவர்' பட்டியலிலும் இல்லை. நிலத்துக்கும் கடலுக்கும் நடுவில், இரண்டு பதிவேட்டுக்கும் வெளியே நின்றார்கள்.

ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பிக் கரையை ஆய்வுசெய்ய வைத்தது. கிணறும் நிலமும் உப்பாவதை அந்த ஆய்வும் உறுதிசெய்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்க வேண்டும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளருக்கு 6 ஆண்டுக் கூலி தர வேண்டும், பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது தீர்ப்பு.

இந்த வழக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, கூலிப் பெண்களின் அறிவும் ஆய்வுக்கூட அறிவும் கைகோத்தால் பெரும் மூலதனத்தையே நிறுத்த முடியும். அறிவியல் நமக்கு எதிரி அன்று, அது நம் சாட்சியாக வர முடியும். இரண்டாவது கசப்பானது. அந்தப் பெண்கள் சொன்னபோது அது புகார், ஆய்வு நிறுவனம் சொன்னபோதுதான் அது உண்மை. தீர்ப்புக்குப் பிறகும் ஆளுகையின் மேசையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இடிப்பு ஆணை மறுஆய்வு மனுக்களில் சிக்கி நின்றது. 2005-இல் கடலோர உயிரின வளர்ப்புக்கான ஆணையச் சட்டம் வந்து, உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் உள்ள பண்ணைகளுக்கு வழிதிறந்துவிட்டது. வழக்கில் வென்றவர்களை அந்தச் சட்டம் எழுதும்போது யாரும் கூப்பிடவில்லை.

பேரலைக்குப் பின் நடந்த கணக்கெடுப்பு

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அழிவில் மீனவர் இழந்ததற்கு அளவில்லை. அவர்களுக்கு வந்த உதவியில் ஒரு ரூபாயையும் நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் இழப்பை எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? படகை வைத்து, வலையை வைத்து, கடலோர வீட்டை வைத்து. படகில் கூலிக்குப் போனவர், மீன் சுமந்தவர், கருவாடு காயவைக்கக் கூலிக்குப் போன பெண், உப்பளத்தில் வேலை பார்த்தவர், உப்பேறிய வயலில் வேலை இழந்தவர் ஆகியோரின் இழப்புக்குப் பொருள் சாட்சி எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். நிவாரண முகாமில் ஒரே கூரையின் கீழ் இருக்க மறுக்கப்பட்டதும், பொதுத் தொட்டியில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுக்கப்பட்டதும், பட்டியலில் பெயர் விடுபட்டதும் மனித உரிமை அமைப்புகளால் அப்போதே ஆவணப்படுத்தப்பட்டன. இறந்த உடல்களை எடுத்துப் புதைக்க மட்டும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டியேற்றி அழைத்துவந்தார்கள். அவர்கள் யார் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கெடுப்பு என்பதும் அறிவுதான். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை முடிவுசெய்பவரே கடலில் யாருக்குப் பங்கு என்பதையும் முடிவுசெய்கிறார். 2011-க்கும் 2019-க்கும் உரிய கடற்கரை மண்டல அறிவிக்கைகளின்படி கரையோர வரைபடங்கள் வரையப்பட்டு, 2018-இலும் 2023-இலும் தமிழ்நாட்டில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. வலை காயவைக்கும் இடமும் படகு நிறுத்தும் இடமும் வரைபடத்தில் இல்லையே என்று மீனவர்கள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை நியாயமானது. அதோடு சேர்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் காலனியும், இருளர் இறால் எடுக்கும் சேற்றுத் திட்டும், நம் பெண்கள் மட்டி பொறுக்கும் கழியும் எந்த வரைபடத்தில் இருக்கின்றன? அரசின் வரைபடத்தில் மட்டுமல்ல, நாமே வரையும் மக்கள் வரைபடத்திலும் அவை இருக்கின்றனவா?

பாசி எடுத்தவர்கள் வைத்த சட்டம்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அது உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. பவளத்தைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பல தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள் அதன் பிறகு அத்துமீறி நுழைந்தவர்களாக ஆனார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சடக்கி இறங்கும் அந்தப் பெண்களைக் காவலர்கள் விரட்டினார்கள், பாசியைப் பறித்தார்கள்.

அதே காலத்தில் அறிவியலின் பெயரால் வேறொன்று வந்தது. கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசி அரசு ஆய்வு நிறுவனத்தால் கொண்டுவரப்பட்டு, 2000 வாக்கில் ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் துணையோடு மிதவைகளில் வளர்க்கப்பட்டது. 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்களே எழுதினார்கள். பவளத்துக்கு ஆபத்து என்று விரட்டப்பட்டவர்கள் கையால் பாசி எடுத்த பெண்கள். பவளத்தின் மேல் படர்ந்ததோ திட்டத்தின் வழியே வந்த பாசி.

அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடிச் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் தாமும் இறங்குவதில்லை என்று தாமே விதி செய்துகொண்டார்கள். பாசி மீண்டும் வளர எத்தனை நாள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் தீவுகளைக் காப்போருக்கான சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. உலகம் அவரைக் கடல் காப்பாளர் என்றது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பெண்களின் நிலை மாறவில்லை. விருது அறிவுக்குக் கிடைத்தது. உரிமைக்கான பட்டா இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பகிர்வு எங்கே நடந்தது?

எல்லாம் இருட்டு என்று சொல்லிவிட்டு இறங்கிவிட நாங்கள் விரும்பவில்லை. சரியாக நடந்தவையும் உண்டு. அவற்றில் எது சரியாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக் கிராமங்களில் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். பேரலை நாளில் நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அது மையத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்து ஊரே தப்பியது. பலரும் இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்கிறார்கள். அந்த மையங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மையம் பொது இடத்தில் இருக்க வேண்டும், தலித் மக்கள் தடையில்லாமல் உள்ளே வர முடிய வேண்டும் என்பதே அது. கருவி எங்கே வைக்கப்படுகிறது என்பதில் அறிவின் சாதி இருக்கிறது. கோயில் மண்டபத்தில் வைத்த கணினியும் சேரிக்கு எட்டாத ஒலிபெருக்கியும் செயற்கைக்கோளிலிருந்தே செய்தி வாங்கினாலும் ஊர்ச் சொத்துதான்.

இன்னொன்று கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதன் பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளரின் பிழைப்பைப் பறித்தன. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அங்கே அறிவோடு சேர்ந்து உரிமமும் சங்கமும் விலையும் பெயரும் அவர்களிடம் வந்தன. முழு விடுதலை என்று அதைச் சொல்ல மாட்டோம், உரிமம் ஆண்டுதோறும் அரசின் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் பாம்புக்கு முடிந்தது பழவேற்காட்டு இறாலுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்க இது போதும்.

தாளில் திறந்த குளம்

2014-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2023-இல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கான ஒப்பந்தம் ஐ.நா.வில் ஏற்கப்பட்டது. இரண்டிலும் மரபறிவுக்கு மதிப்புத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை நாம் பயன்படுத்த வேண்டும். எழுதியதோடு முடிந்தது என்று நம்பக்கூடாது.

மகாட்டை நினைத்துப் பாருங்கள். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்திருந்தது. ஒருவரும் போய் நீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய்க் கையால் நீரை அள்ளிய பிறகுதான் அது வழக்காயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தபோது 1937 ஆகியிருந்தது. கடலும் இன்று தாளில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு குளம்தான்.

ஆகவே களத்திலும் கல்லூரியிலும் இருக்கும் தோழர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்க விரும்புகிறோம்.

முதலாவது, எண்ணிக்கை. கையால் இறால் எடுப்பவர், மட்டி பொறுக்குபவர், பாசி எடுப்பவர், மீன் சுமப்பவர், உப்பளத் தொழிலாளர் ஆகிய எல்லோரும் கடலால் பிழைப்பவர் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். படகு இருந்தால்தான் மீனவர் என்ற வரையறை உடைய வேண்டும்.

இரண்டாவது, வரைபடம். உங்கள் ஊரின் கடற்கரை மண்டல வரைபடத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். காலனியையும் இருளர் திட்டையும் அதில் தேடுங்கள். இல்லாவிட்டால் அவர்களோடு நடந்து, அவர்கள் வைத்த பெயர்களோடு நீங்களே வரைந்து மனுவோடு இணையுங்கள்.

மூன்றாவது, பெயர். மாணவர்கள் ஆய்வுக்குப் போகும்போது சொல்லைச் சேகரித்துக்கொண்டு சொன்னவரை விட்டுவிட்டு வராதீர்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரில் எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர் முன்னால் படித்துக் காட்டுங்கள். கந்தப்பனுக்கு நேர்ந்தது இன்னொரு முறை நம் கையால் நேரக்கூடாது.

நான்காவது, இருக்கை. மாவட்டக் கடற்கரைக் குழுவிலும், பூங்கா நிர்வாகத்திலும், மீன்வளக் கூட்டுறவிலும், ஊர்ப் பஞ்சாயத்திலும் இந்த மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாக்குரிமையோடு இடம் வேண்டும். கருத்துச் சொல்லும் இடம் மட்டும் போதாது. மீனவ இயக்கத் தோழர்களோடு இதைப் பேசுவது கடினமாக இருக்கும். ஆனால் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வரும்போது ஊரும் சேரியும் பிரிந்து நின்றால் இரண்டும் தோற்கும் என்பதை எண்ணூர் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒற்றுமைக்கு விலை, பாட்டுச் சீட்டில் எல்லோருடைய பெயரையும் எழுதுவது.

ஏட்டைக் கொடுத்தவனின் பேரன் நாலு பக்கத்தில் ஓர் இதழ் தொடங்கித் தன் வரலாற்றைத் தானே எழுதினார். கடலைச் சேற்றின் பக்கமிருந்து அறிந்தவர்களின் வரலாறும் அப்படி அவர்கள் கையாலேயே எழுதப்பட வேண்டும். அதுவரை தாளும் மேசையும் ஏற்பாடு செய்வது நம் வேலை.

 ஜெய் பீம்.